நடுவில் நின்ற முட்டை

அன்புள்ள சுண்டெலிக்கு,

உன் மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், எல்லோரும் என்றால் இப்போது நான் ஒருத்தன்தான் என்பது எழுதப் போகும்போதுதான் உறைத்தது, ஆகவே எல்லோர் சார்பிலும் நானே அறிக்கை விடுகிறேன், ஏதோ இருக்கிறோம். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, அந்த ஊர்க் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போய், நிம்மதியாகத் தூங்கி எழுந்தால் அதுவே எனக்குப் பெரிய சேதி. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, அதை நானே சரி செய்தேன், அதன்பிறகு இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. மாடி வீட்டுப் புதுத் தம்பதிகள் மேசை நாற்காலிகளை ஒருநாள் விட்டு ஒருநாள் இடம் மாற்றிப் போடுகிறார்கள், அந்தச் சத்தத்தைக் கேட்டால் அங்கே யானைகளுக்குக் கபடிப் பயிற்சி நடக்கிறது என்று யாரும் சத்தியம் செய்வார்கள். நான் பேக்கரிக்கு மறுபடி போக ஆரம்பித்துவிட்டேன். முதலாளி என்னை முட்டை மேசையிலிருந்து எடுத்துப் பன் மாவு பிசையும் மேசையில் போட்டிருக்கிறார். காரணம் கேட்டேன், சும்மா ஒரு மாறுதலுக்குத்தான் என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் இதுவரை உடைத்த முட்டைகளின் ஓட்டை வரிசையாக வைத்தால் நிலாவுக்குப் போய் அங்கே ஒரு டீ குடித்துவிட்டு நடந்தே திரும்பலாம், அப்பேர்ப்பட்ட சக்கரவர்த்தியைப் பன்னுக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் சண்டை போடவில்லை. அந்த மனுஷர் செய்தது நல்லதுக்குத்தான்.

நிற்க. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு வருகிறேன். மாமா, வேடிக்கைப் பேச்சு வேணாம், அத்தை கடைசியில என்னைத் தேடினாங்களா, நான் வரலன்னு கோபமா இருந்தாங்களா, அத மட்டும் சொல்லுங்க என்றாய். நான் எதிர்வீட்டு நாய் தபால்காரரின் செருப்பைத் தின்ற கதையைச் சொன்னேன். நீ திரும்பவும் கேட்டாய். சிக்னல் சரியில்லையே என்றேன். சிக்னல் அருமையாக இருந்தது, நீ மூக்கை உறிஞ்சியது பக்கத்து அறையில் உறிஞ்சியது போலக் கேட்டது. போனில் என் வாய் என்னை முந்திக்கொண்டு ஓடிவிடுகிறது, என்ன செய்ய. பேனா அப்படி ஓடாது என்றுதான் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கே நீ இன்னொன்றும் சொன்னாய், பள்ளிக்கூடத்தில் என் முட்டைப் பாடத்தை வேறு டீச்சருக்குக் கொடுத்துவிட்டேன், முட்டையைக் கையில் எடுத்தாலே உடம்பு உதறுது என்று. அதைக் கேட்டபிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியாது, தெரிந்திருக்க நியாயமும் இல்லை, நாங்கள் சொல்லவில்லை. ஆகவே முதலிலிருந்து சொல்லுகிறேன், நடுவில் நான் கொஞ்சம் அளந்தால் பொறுத்துக்கொள், முக்கியமான இடத்தில் அளக்க மாட்டேன்.

உன் அத்தைக்கு வயிற்றில் வந்த நோய் உனக்குத் தெரியும், அவளுக்குச் சாப்பாடே வேண்டாமல் போனதை மட்டும் உன்னிடம் பாதிதான் சொன்னோம். ஒரு கவளம் வாயில் போட்டால் அதை அரை மணி நேரம் கன்னத்தில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். தினமும் ரெண்டு முட்டையாவது உள்ள போகணும், இல்லாட்டி மருந்து தாங்காது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நான் கெஞ்சினேன், கொஞ்சினேன், அழுவது போல நடித்தேன், ஒருநாள் நடிக்காமலும் அழுதேன், ஒன்றும் நடக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் நீ உன் வகுப்பில் எடுத்த வீடியோக்களை அவளுக்கு அனுப்ப ஆரம்பித்தாய். முட்டையைச் சுற்றிவிட்டு அவித்ததா பச்சையா என்று கண்டுபிடிப்பது, தண்ணீரில் போட்டுப் புதுசா பழசா என்று பார்ப்பது, உப்புக் கரைத்து மிதக்கவிடுவது, எல்லாம். அவள் உடம்பைச் சாய்த்துத் தலையணை வைக்கச் சொல்லி ஒவ்வொன்றையும் நாலு தரம் பார்ப்பாள். பார்த்துவிட்டு ஒருநாள், இதெல்லாம் நிஜமா நடக்குமா, இல்ல பிள்ளைங்கள ஏமாத்தறாளா என்றாள். எனக்கு மண்டையில் ஆயிரம் விளக்கு எரிந்தது. பந்தயம் கட்டுவோமா என்றேன். நான் சோதனை செய்வது, என்ன ஆகும் என்று அவள் முன்கூட்டியே சொல்வது. அவள் சொன்னது தப்பானால் ஒரு முட்டை சாப்பிட வேண்டும். சரியானால் தினமும் மருந்து ஏற்ற வரும் ஊசியக்கா வாசல் மணி அடிக்கும்வரை நான் வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணமான நாள் முதல் இப்படி ஒரு பரிசுக்காகத்தான் காத்திருந்தவள் போல, சரி கட்டுங்க என்றாள்.

இதில் என் தலைவலி உனக்குப் புரிகிறதா? அவள் தோற்கவேண்டும். அவள் தோற்றால்தான் முட்டை உள்ளே போகும். தபால் ஆபீஸ் பார்சல் மேசையில் உட்கார்ந்து, கையில் தூக்கியே எடை சொன்னவளை நான் எப்படி ஏமாற்ற? சுற்றும் முட்டையில் முதல்நாளே ஜெயித்துவிட்டாள், விரலால் தொட்டு நிறுத்தி விடுங்க, பச்சை முட்டைன்னா திரும்ப ஆடும் என்று எனக்கே பாடம் எடுத்தாள். உப்புத் தண்ணீரில் நான் உப்பைக் குறைத்துப் போட்டேன், முட்டை கல் மாதிரி அடியில் கிடந்தது, மிதக்கும் என்று சொன்னவள் தோற்றுப்போய் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு முட்டை சாப்பிட்டாள். எனக்கு உலகக் கோப்பை வாங்கின சந்தோஷம். மறுநாளும் அதையே செய்தேன், அவள் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, யோவ், கண்ணீரு இதைவிட உப்பா இருக்கும்யா என்றாள். அதோடு அந்த வித்தை போயிற்று. பிறகு முட்டைக்கடைக்காரரிடம் போனேன். அண்ணே, இருக்கறதுலயே பழைய முட்டையா ஒண்ணு குடுங்க, அழுகினாலும் பரவாயில்ல என்றேன். அந்த மனுஷர் என்னை மேலும் கீழும் பார்த்து, என் கடையில அந்தப் பேச்சே கிடையாது சார், வேற கடை பாருங்க என்று கோபித்துக்கொண்டார். கெட்ட முட்டை கேட்டுச் சண்டை போட்ட வாடிக்கையாளர் இந்த உலகம் தோன்றியதிலிருந்து நான் ஒருத்தன்தான் இருப்பேன். கடைசியில் காரணத்தைச் சொன்னேன். அவர் உள்ளே போய், மூலையில் மறந்து கிடந்த ஒரு முட்டையை எடுத்து வந்து துடைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அது வெறும் தண்ணீரிலேயே படகு மாதிரி மிதந்தது. மூழ்கும் என்று சொன்னவள் அசந்துபோனாள், நான் அவித்துக் கொடுத்த புது முட்டையை முழுசாகச் சாப்பிட்டாள்.

ஆனால் பெரும்பாலும் அவள்தான் ஜெயித்தாள். நான்தான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். நான் சும்மா இருப்பது எப்படிப்பட்ட தண்டனை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, பேசாமல் விட்ட சொற்கள் தொண்டையில் டிராஃபிக் ஜாம் ஆகி நின்றன. அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஆகா, என்ன நிம்மதி என்பாள். ஊசியக்கா வந்து, என்ன சார் இன்னிக்கும் தோத்துட்டீங்களா என்று கேட்டபிறகுதான் எனக்கு விடுதலை. ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது அவள் கண்ணைத் திறந்து, போதுங்க, சும்மா இருந்தது போதும், ஏதாவது உளறுங்க, பயமா இருக்கு என்றாள். அன்றைக்கு நான் உளறியதை ஏழு வண்டியில் ஏற்றலாம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உளறிக்கொண்டே இருந்தேன். அதன்பிறகு அந்தத் தண்டனையை இரண்டு பேருமே மறந்தது போல விட்டுவிட்டோம்.

உள்ளங்கையில் முட்டையை வைத்து நாலு பக்கமும் சமமாக அழுத்தினால் உடையாது, மோதிரத்தை மட்டும் கழற்றிவிட வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னாயே, அதையும் செய்தோம். மோதிரத்தைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை, கையைத் தொங்கவிட்டாள், அதுவே நழுவி விரிப்பில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். முட்டை உடையவில்லை. பாருங்க ஜெயிச்சிட்டேன் என்று சிரித்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து, இதுல முட்டையோட சாமர்த்தியம் எவ்வளவு, என் கையோட லட்சணம் எவ்வளவுன்னு யாரு கண்டா என்றாள். நான் உடனே வாங்கி அழுத்திக் காட்டினேன், எனக்கும் உடையவில்லை பார் என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. மோதிரம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, அது உனக்குத்தான்.

இப்போது நீ கேட்ட இடத்துக்கு வந்துவிட்டேன். சுண்டெலி, அவளுக்குக் கோபம் இருந்தது. லீவு கிடைக்கவில்லை, புது வேலை, இப்போது கிளம்பினால் திரும்பச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று நீ அழுதுகொண்டே சொன்னாயே, அன்றைக்கு உன்னிடம், பரவாயில்லடா கண்ணு, வேலையப் பாரு, நான் நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பந்தயத்துக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. கஞ்சி கொண்டுபோனேன், தொடவில்லை. சாயங்காலம் விளக்குப் போட்டபோது என் பக்கம் திரும்பாமலே, நான் வளர்த்தவதானே, பெத்தவளா என்ன என்றாள். அவ்வளவுதான். இந்த வரியை எழுதாமல் தாண்டிப் போயிருக்கலாம், உனக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அப்புறம் நான் எழுதுகிற நல்லதையும் நீ நம்ப மாட்டாய், மாமா சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று நினைப்பாய். அதனால் இதையும் வாங்கிக்கொள். உன் அம்மா, என் அக்கா, நடக்கக்கூடத் தெரியாத உன்னை எங்கள் கையில் விட்டுவிட்டுப் போனாள். அன்று முதல் உன்னை வளர்த்தவள் அவள், நான் வளர்த்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான் நான். அப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் கோபப்பட உரிமை இல்லையா?

மறுநாள் காலையில் நான் கண் விழிக்கும் முன்பே உன் வீடியோ ஓடுகிற சத்தம் கேட்டது. எழுந்து போனேன். போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, இங்க வாங்க, இவ கரண்டி பிடிக்கிறதப் பாருங்க என்றாள். நீ உப்பைக் கரைத்துக்கொண்டிருந்தாய். கரண்டியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, சுண்டுவிரலை மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இது என் பிடிங்க, நான்தான் இப்படிப் பிடிப்பேன், எங்க வீட்டுல வேற யாரும் பிடிக்க மாட்டாங்க என்றாள். திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கே தள்ளிப் பார்த்தாள். முகம் உங்க அக்காவுக்குப் போச்சு, போகட்டும், பிடி எனக்கு வந்துச்சு என்றாள். பிறகு, நேத்து நான் சொன்னத அவகிட்டச் சொல்லாதீங்க என்று என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். இதோ சத்தியத்தை மீறிவிட்டேன், அதற்கு அவள் என்னைக் கேட்கட்டும். அன்றைக்கு அவள் பந்தயம் எதுவும் இல்லாமல் ஒரு முட்டை சாப்பிட்டாள்.

கடைசிச் சோதனை நீ அனுப்பின கடைசி வீடியோதான். உயரமான கண்ணாடி டம்ளரில் பாதிக்கு உப்புத் தண்ணீர், அதில் முட்டை, மேலே வெறும் தண்ணீரைக் கரண்டி வழியாகச் சொட்டச் சொட்ட ஊற்றினால் முட்டை நடுவில் நிற்கும் என்றாயே, அது. எல்லாத்தையும் நானே செய்யறேன், உங்க உப்புக் கணக்கு எனக்குத் தெரியும் என்றாள். உப்பில் பாதி விரிப்பில் கொட்டியது. முட்டையை உள்ளே விட்டதும் தலையைக் காட்டிக்கொண்டு மிதந்தது. வெறும் தண்ணீரை ஊற்றும்போது அவள் மணிக்கட்டை நான் அடியில் தாங்கிக்கொண்டேன், அவள் ஊற்றினாள், சுண்டுவிரல் தனியாக நீட்டியபடி. ஒரு டம்ளர் நிரம்ப ஒரு யுகம் ஆயிற்று, நான் அந்த யுகம் இன்னும் நீளக்கூடாதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிரம்பியது. முட்டை நடுவில் நின்றது. மேலேயும் தண்ணீர், கீழேயும் தண்ணீர், நடுவில் ஒன்றும் பிடித்துக்கொள்ளாமல். ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் விழுந்தது.

பிறகு சண்டை ஆரம்பித்தது. மிதக்கும்னு சொன்னேன், மிதக்குது, நான் ஜெயிச்சேன் என்றாள். மிதந்தால் மேலே வரவேண்டும், இது பாதி மூழ்கியிருக்கிறது, நீ தோற்றாய், முட்டை சாப்பிடு என்றேன். அடியில தொடலையே என்றாள். மேலே தொடவில்லையே என்றேன். ஊசியக்காவை நடுவராகக் கூப்பிட்டோம், அவள் குனிந்து பார்த்துவிட்டு, நான் ஊசி போட வந்தவ, என்னை உங்க குடும்பத் தகராறுல இழுக்காதீங்க என்று கழன்றுகொண்டாள். அப்போது உன் அத்தை சொன்னாள், சுண்டெலிகிட்டக் கேளுங்க, அவதான் டீச்சர், அவ சொன்னா நான் கட்டுப்படறேன். நான் போனைக் கையில் எடுத்தேன். அவள் விரல்விட்டு உங்கள் ஊர் நேரத்தைக் கணக்குப் போட்டாள். இப்ப வேணாம், இப்ப அவ வகுப்புல இருப்பா, பிள்ளைங்க முன்னாடி போன் அடிச்சா அவளுக்குக் கெட்ட பேரு, சாயங்காலம் கேக்கலாம் என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். டம்ளர் மேல் ஒரு தட்டை மூடி, யாரும் தொடாதீங்க, சாட்சி அது என்றாள். சாயங்காலம் அசந்து தூங்கினாள், எழுப்ப மனம் வரவில்லை. விடிந்தபோது எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு வீடு நிறைய ஆட்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அழுகை வரவில்லை, வந்தவர்களை உட்கார வைத்தேன், நாற்காலி எண்ணினேன், கல் மாதிரி இருந்தேன். உன் அத்தையின் அண்ணன், நம் பெரிய மச்சான், சிரித்ததை யாரும் பார்த்ததில்லை என்று நீ சின்னவயதில் பயப்படுவாயே, அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதுகொண்டிருந்தார். தொண்டை வறண்டுபோய், கண் தெரியாமல் தடவி, தட்டை எடுத்துவிட்டு அந்த டம்ளரைத் தூக்கிக் கடகடவென்று குடித்தார். முதல் இரண்டு மடக்கு வெறும் தண்ணீர், ஒழுங்காக இறங்கியது. மூன்றாவது மடக்கில் ஏழு கடலும் சேர்ந்து வந்தன, கூடவே முட்டை வந்து மூக்கில் இடித்தது. அவர் துள்ளிய துள்ளலில் பாதித் தண்ணீர் அவர் சட்டையிலும், முட்டை அவர் மடியிலும். அவர் முட்டையைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு, என்ன மாப்ள இது, என்ன இது என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்தேன், சிரித்தேன், அவள் பக்கம் திரும்பி, பார்த்தியா உன் சாட்சிய உங்க அண்ணனே குடிச்சிட்டாரு என்று சொல்லப்போய், அப்போதுதான் அழுதேன். நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இது அளந்தது இல்லை.

ஆகவே சுண்டெலி, அவள் கடைசியாக என்னிடம் பேசிய பேச்சு உன்னைப் பற்றித்தான். நீ ஏன் வரவில்லை என்பது அதில் இல்லை. நீ வகுப்பில் நல்ல பெயரோடு நிற்க வேண்டும் என்பது இருந்தது, நீ சொல்வதுதான் சரியாக இருக்கும் என்பது இருந்தது. நான் உங்களுக்கு என்ன செய்தேன் என்று கேட்டு அழுதாயே, அவள் வயிற்றில் கடைசியில் போன சாப்பாடெல்லாம் நீ அங்கிருந்து அனுப்பியதுதான், நான் வெறும் பரிமாறியவன். அந்தப் பாடத்தை அந்த டீச்சரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள். கை உதறினால் உதறட்டும், அவளுக்கும் உதறியது, உப்புப் பாதி கொட்டினாலும் முட்டை நின்றதே. நடுவில் நிற்கும் முட்டையைப் பார்த்து ஏதாவது ஒரு பிள்ளை, டீச்சர் இது மிதக்குதா மூழ்குதா என்று கட்டாயம் கேட்கும். நீ என்ன சொன்னாய் என்று எனக்கு எழுது. மாமா ஆயிற்றே என்று என் பக்கம் சாயாதே, உள்ளதைச் சொல்.

குளிருக்கு இரண்டு சட்டையாகப் போடு, அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போன் பார்க்காதே, தலை வலித்தால் மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. நீ நூறு வருஷம் நன்றாக இரு, அவள் பங்கு ஆசீர்வாதத்தையும் என் கையாலேயே சேர்த்துச் செய்கிறேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன், இனிமேல் உன்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் சாயங்காலம்வரை வைத்திருக்க மாட்டேன். நீ வகுப்பில் இருந்தாலும் கூப்பிடுவேன். பிள்ளைகள் முன்னால் எடு. கெட்ட பெயர் வந்தால் வரட்டும்.

உன்
மாமா